நம்மூட்டு மூக்கு

மீஞ்சூர்
3.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கிரேஸ் எழுதுவது. அம்மாவும் என் மகள் ஸ்நேகாவும் சுகம். எனக்குத்தான் சுகமில்லை. போனில் இந்தப் பேச்சு வேண்டாம், ரெக்கார்டு ஆகிவிடும், எழுது என்று நீ துண்டித்ததில் எனக்குக் கோபம்தான். ஓசூர் கிளைக்கு மாறிப் போன ரெண்டு வருஷத்தில் தங்கச்சி குரலே உனக்கு ஆபத்தாகிவிட்டதா?

நாலு வருஷமாக மூக்கடைப்பு. கன்னத்துக்குள் வலி, பச்சைச் சளி. போன மாதம் குழம்பு கருகியதே எனக்குத் தெரியவில்லை. ஸ்நேகா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். வாசனை மொத்தமாகப் போய்விட்டது. ஸ்கேனில் மூக்கின் நடுச்சுவர் இடது பக்கம் வளைந்திருக்கிறதாம், உள்ளே ஒரு எலும்பு காற்றடைத்து உப்பியிருக்கிறதாம், சைனஸ் முழுக்க அடைப்பாம்.

கம்பெனி அந்த வளைவைப் பிடித்துக்கொண்டது. கும்மிடிப்பூண்டியில் ஒன்பது வருஷம் இரும்பு தேய்த்து நான் இழுத்த தூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். பிறவி மூக்கு, வேலைக்குத் தகுதியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அத்தாட்சி என்ன தெரியுமா? நான் சேர்ந்தபோது நீ நிரப்பிய படிவம். பரம்பரைக் குறை என்ற கட்டத்தில் ‘மூக்கு’ என்று எழுதி, “நம்மூட்டு மூக்கு இன்னா லேசா? அப்பாவுலேர்ந்து எல்லாருக்கும் கோணல்” என்று சிரித்தாயே, அதுதான். நானும் சேர்ந்து சிரித்தேன். கீழே பாதுகாப்பு அதிகாரி என்று உன் கையெழுத்து.

ஜூலை 10 தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. தூசியால் வந்தது என்று முடிவானால் தூசியில்லாத பிரிவில் வேலை தருவார்கள். இல்லையென்றால் வீட்டோடுதான். கோணலைத்தான் எழுதினேன், நோயை அல்ல என்று ஒரு வரி எழுதித் தா அண்ணா.

உன் தங்கை,
கிரேஸ்


ஓசூர்
12.6.2024

பிரியமுள்ள கிரேஸுக்கு,

உனக்காக ஜெபிக்கிறேன். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவு, அலட்சியம் செய்யாதே.

நீ கேட்பது லேசான காரியமில்லை. விளையாட்டாக எழுதினேன் என்று பாதுகாப்பு அதிகாரியே சொன்னால், நான் கையெழுத்திட்ட எல்லாவற்றையும் தோண்டுவார்கள். எனக்கு இப்போது மேனேஜர் பதவி பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூக்கு வளைந்திருப்பது பொய்யும் இல்லையே. ஆபரேஷன் செய்து நேராக்கிக்கொள். நல்ல டாக்டர் யாரென்று நான் விசாரிக்கிறேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
சாலமோன்


மீஞ்சூர்
19.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

டாக்டரிடமே கேட்டேன். “இந்த வளைவு நெறைய பேருக்கு இருக்கும்மா, அவங்க நல்லாத்தான் இருக்காங்க. அது மட்டுமே காரணம்னு என்னால எழுத முடியாது. உங்க வீட்ல அதே மூக்கு இருந்தும் சீக்கில்லாதவங்க இருக்காங்களா? அதை வச்சு எல்லாம் முடிவாகிடாது. ஆனா அப்படி ஒருத்தர் இருந்தா பரம்பரை சீக்குன்னு சொல்ல முடியாது” என்றார்.

எனக்கு உன் முகம்தான் வந்தது. அதே கம்பெனியில் பதினாலு வருஷம் ஏசி அறையில் இருந்தாய். ஒரு நாள்கூட நீ தும்மி நான் பார்த்ததில்லை. என் பிரிவில் லோகு அக்காவோடு ஏழு பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கும் நம்மூட்டு மூக்கா? ஒரு ஸ்கேன் எடு அண்ணா, கெஞ்சிக் கேட்கிறேன்.

கிரேஸ்


ஓசூர்
30.6.2024

கிரேஸ்,

மனசு கேட்கவில்லை, எடுத்துவிட்டேன். உனக்கிருக்கும் அதே வளைவு, அதே பக்கம். உப்பிய எலும்பும் இருக்கிறது. சைனஸ் சுத்தமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டேன்.

நோய் என்று நினைத்து நான் அதைப் படிவத்தில் எழுதவே இல்லை. உங்கள் பிரிவில் தூசி உறிஞ்சும் விசிறி ரெண்டு வருஷம் ஓடாமல் கிடந்தது. அதை அறிக்கையாக எழுதியவனும் நான்தான், மேலே சொன்னார்கள் என்று பீரோவில் வைத்துப் பூட்டியவனும் நான்தான். ஆனால் ஸ்கேனை உனக்குத் தர முடியாது. தந்தால் என் வேலை போய்விடும். அண்ணனை மன்னித்துவிடு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

சாலமோன்


மீஞ்சூர்
14.7.2024

அண்ணனுக்கு,

நீ கிழிக்கச் சொன்னதை நான் கிழிக்கவில்லை. விசாரணைக்குப் போனபோது பையில் இருந்தது. காட்டும் எண்ணத்தில் கொண்டுபோகவில்லை, கர்த்தருக்குத் தெரியும்.

கம்பெனி வக்கீல் உன் படிவத்தை எடுத்து, சொந்த அண்ணனே எழுதியது என்று மூன்று தடவை வாசித்தார். வெளியே பெஞ்சில் லோகு அக்கா இருமுவது உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். விசாரணை அதிகாரி ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “உங்க அண்ணன் கையெழுத்துதானாம்மா?” என்றார். ஆமாம் என்றேன்.

என் வழக்கில் முடிவு இன்னும் வரவில்லை. விசிறி விஷயத்துக்கு உனக்குச் சம்மன் வரும். வாசனை திரும்புமா என்பது டாக்டருக்கே சந்தேகம். “கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்துட்டு வந்துகிறியே” என்று கேட்ட அம்மா, அன்றிலிருந்து என் கையால் சாப்பிடவில்லை. நீ அம்மாவிடம் பேசு, உன் பேச்சைக் கேட்பார்.

எனக்குப் பதில் எழுதாதே. எழுதினால் அதையும் பத்திரப்படுத்துவேன்.

கிரேஸ்