பொரி போட வேண்டியவன்

வெள்ளிக்கிழமை இரவு

இலங்கையில் மண்சரிவுக்குப் பிறகு விரிசல் விட்ட வீடுகளைச் சோதிக்க, கட்டடப் பொறியாளர்கள் தேவையாம். நாளையே வருவதாக ஒப்புக்கொண்டேன்; திரும்ப ஒரு மாதமாகும். அடுத்த வாரம் வடபழனியில் தங்கை மீனாவின் கல்யாணம். சாப்பிடும்போதுதான் வீட்டில் சொன்னேன்.

"ஓமத்துல அவ கையில பொரி யாருடா போடுறது? கூடப்பொறந்தவன் நீ ஒருத்தன்தானே!" என்று அம்மா கத்தினாள்.

"பெரியப்பா பையன் போடட்டும். ஒரு பிடி பொரிதானே?"

மீனா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "போண்ணா. ஆனா அவன் போட்டா நான் கைய நீட்ட மாட்டேன்."

அங்கே ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறார்கள். வீடு தாங்குமா என்று அடுத்த மழைக்குள் யாராவது சொல்லியாக வேண்டும். போகத்தான் போகிறேன்.

எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற நான், காலையில் மீனா எழுவதற்குள் கிளம்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.