எங்களுக்கு ஊர் வைத்த பேர்கள்

மார்ச் 3, ஞாயிறு

இன்று சபையில் ஒரு கூத்து நடந்துவிட்டது. நடத்தியவள் சாட்சாத் நானேதான்.

வாசல் பலகை மழையில் உரிந்து எழுத்தே தெரியவில்லை. புதிதாக மாட்டும்போது பேரையும் மாற்றிவிடலாம் என்று தம்பி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் முழுப்பேர் 'உள்ளொளிக்குக் காத்திருப்போர் சபை'. அந்தப் பேரைச் சொன்னால் தபால்காரருக்குக்கூடத் தெரியாது. 'ஊமைச் சபை' என்றால் யாரும் கை காட்டுவார்கள். ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பிரார்த்தனை செய்கிறவர்களுக்கு வேறென்ன பட்டம் வரும்? தம்பி கொண்டுவந்த புதுப் பேர் 'அமைதிச்சுடர் அன்பகம்'. ஏதோ விடுதிக்கு வைத்த பேர் மாதிரி இருக்கிறது. போகட்டும், அவன் மனசு நோகாமல் இருந்தால் சரி என்றுதான் போய் உட்கார்ந்தேன்.

எங்களிடம் ஓட்டுப் போடுகிற வேலையெல்லாம் கிடையாது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் சம்மதம், எழுந்து நின்றால் மறுப்பு. ஒரே ஒருவர் நின்றாலும் விஷயம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அதற்குள் மற்றவர்கள் அவர் வீட்டுக்குப் போய் அவர் மனதைக் கேட்டுவிட்டு வர வேண்டும். நின்றவர் இடையில் பின்வாங்கவும் முடியாது.

சபை முழுக்க உட்கார்ந்திருந்தது. எனக்கு வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வாரம் முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நிற்கிற கால். உயிர் போகிற வலி. துள்ளி எழுந்து நின்றுவிட்டேன்.

"மறுப்பு இருக்கு. அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார், கூட்டம் நடத்துகிற ரிட்டையர்டு கண்டக்டர். அதற்குமேல் உள்ளே யாரும் பேசக்கூடாது. வாசலுக்கு நொண்டிக்கொண்டு வருவதற்குள் தம்பி போய்விட்டான். போகும்போது ஒரு பார்வை பார்த்தான். அப்பா போனபோதுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை.

மார்ச் 4, திங்கள்

வேலை முடிந்ததும் நேராக மாடிக்குப் போனேன். அவன் குடும்பம் மாடியில், நான் கீழே.

"கால் பிடிச்சுக்கிச்சுடா, அதான் எழுந்துட்டேன்."

"கிண்டல் பண்றியாக்கா? பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லு. கால் மேல பழியைப் போடாதே."

சத்தியம் செய்கிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. என்ன சொல்லி நம்ப வைப்பது? தம்பி மனைவிதான் படியிறங்கி வந்து சொன்னாள். வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டு, அவர்கள் மகள் சின்னவள் கொஞ்சம் யோசித்தாலே போதுமாம். பின்வரிசையிலிருந்து "ஊமைச் சபை, ஊமைச் சபை" என்று ஆரம்பித்துவிடுகிறார்களாம். இப்போது பதில் தெரிந்தாலும் எழுந்திருப்பதில்லையாம். "ஏப்ரல்லயும் பேரு மாறலேன்னா நாங்க கிளம்பிடுவோம் அண்ணி. இவர் ஆபீஸ் பக்கத்துல வீடு பார்த்தாச்சு. சபையும் வேணாம்னு இருக்கார்."

அந்த வீட்டுக்கும் எனக்கும் நடுவே பதினான்கு பஸ் நிறுத்தம். மேலே அந்தக் குழந்தை ஓடுகிற சத்தம் இல்லாமல் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? ஐயோ, இந்தப் பாழாப்போன காலுக்கு வேற நேரமே கிடைக்கலையா?

மார்ச் 6, புதன்

கால் சரியாகிவிட்டது. தம்பி பேசவில்லை.

மார்ச் 9, சனி

என் மனதைக் கேட்க முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள். செருப்புக்கடைத் தம்பதி. முறைப்படி அவர்கள் கேட்கக்கூடாது, நானாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். டீ ஆறிப் போகும்வரை காத்திருந்தார்கள். கடைசியில், கால் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்று உள்ளதைச் சொன்னேன்.

செருப்புக்கடைக்காரர் கண்ணை மூடி யோசித்தார். "மனசு சொல்லாததை உடம்பு சொல்லிடும்மா" என்றார். அவர் மனைவி பக்தியோடு தலையாட்டினார். எங்க போய் முட்டிக்கிறது!

ஆனாலும் ஒன்று எழுதிவைக்க வேண்டும். போகும்போது அவர் என் பழைய செருப்பைப் பார்த்தார். மாலையில் குதிகாலுக்கு மெத்தென்று வைத்துத் தைத்த ஒரு ஜோடியைக் கொடுத்தனுப்பிவிட்டார். நான் கேட்கவே இல்லை.

மார்ச் 14, வியாழன்

கண்டக்டர் வந்தார். இவரிடம் நான் வாயே திறக்கவில்லை. சொல்லி யார் நம்பப்போகிறார்கள்? அவரே ஆரம்பித்தார்.

"நமக்கு எத்தனை பேரு வச்சிருக்காங்க தெரியுமா? எங்க அப்பா காலத்துல 'பின்வாசல்காரங்க'. வாடகைக்கு விட்டவரு, முன்பக்கமா வந்தா என் கௌரவம் என்னாகும்னாராம். அப்புறம் சொந்தமா இடம் வாங்கி, கரண்ட் இல்லாம இருட்டுல உட்கார்ந்தோம். உடனே 'பேய்ச் சபை'. எனக்குப் பொண்ணு கொடுக்கவே யோசிச்சாங்க."

"ஊமைச் சபை எப்ப வந்தது?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஊரில் கலவரம் நடந்த வருஷமாம். தெருக்காரர்கள் சிலரைப் பிடித்துப்போகப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஓடிவந்து எங்கள் ஆட்களோடு கலந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரி உள்ளே வந்து, இதில் வெளியாள் யார் என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. குழந்தைகள்கூட. ஒவ்வொரு வரிசையாகக் கத்திப் பார்த்தார். "எல்லாரும் ஊமைங்களா?" என்று கதவை உதைத்துவிட்டுப் போனார்.

"மறுநாள் காய்கறிக் கடையில அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க அந்த ஊமைச் சபையா?'ன்னு ஒருத்தர் அழுதார். அப்ப அது பட்டப்பேரு இல்லம்மா, மெடல். அந்த நாளைப் பார்த்தவங்கள்ல என்னை மாதிரி ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. பேரு மட்டும் தங்கிடுச்சு."

பிறந்ததிலிருந்து இந்தச் சபையில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. வாயே திறக்காத கூட்டத்தில் பழங்கதை எப்படிப் பரவும்?

அவர் போன பிறகும் உட்கார்ந்தே இருந்தேன். இப்போது நிஜமாகவே எழுந்து நிற்க வேண்டும்போல இருக்கிறது. அந்தப் பேரை எப்படி விடுவது? ஆனால் சின்னவள்?

மார்ச் 23, சனி

தையற்காரம்மா வந்தார். பிறவியிலேயே பேச்சு வராது, காதும் கேட்காது. சபையில் எல்லாருக்கும் அவர் கை ஜாடை பழக்கம். குழந்தைகளுக்கு எங்களைவிட நன்றாக வரும்.

இவருக்காகவாவது இந்தப் பேர் இருக்கட்டும் என்று ஒரு எண்ணம் எனக்குள் வளர்ந்திருந்தது. அவர் இங்கே வந்ததே அந்தப் பேரால்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதையே கேட்டேன். ஆமாம் என்றார். இளவயதில் இந்த ஊருக்குத் தனியாக வந்தாராம். வேலை கேட்டுப் போன கடையில், "உன்னை மாதிரி ஆளுங்க அங்க இருக்காங்க, போ" என்கிற மாதிரி ஒருவன் வாயைப் பொத்திக் காட்டி, சிரித்து, எங்கள் தெருப் பக்கம் கை நீட்டினானாம்.

"அப்ப அந்தப் பேரு உங்களுக்கு நல்லதுதானே பண்ணிச்சு?" என்று கையால் கேட்டேன். கண்டக்டர் சொன்ன மெடல் கதையையும் காட்டினேன்.

அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் காட்டினார். அந்த வார்த்தையை என் மேல் எறிந்தார்கள். வாழ்நாள் முழுக்க எறிந்தார்கள். உங்களுக்கு அது ஒருநாள் மெடலாக இருந்திருக்கலாம். எனக்கு ஒருநாளும் இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர்தான் என் கன்னத்தைத் தட்டினார். அந்தப் பேர் என்னைத் தெருமுனை வரைக்கும்தான் கொண்டுவந்தது என்றார். அதற்குப் பிறகு கதவு திறந்திருந்தது, உங்கள் அம்மா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார், அதனால் இருந்துவிட்டேன்.

பலகையில் அன்று என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். யார் பார்த்தது என்று சிரித்தார்.

மார்ச் 24, ஞாயிறு

மாலையில் கதவு தட்டுகிற சத்தம். தம்பி. தன்னிடம் இருக்கிற சாவியால் திறக்காமல், இஸ்திரி போட்ட சட்டையோடு, வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி மாதிரி நிற்கிறான். நின்றவர் வீட்டுக்கு எல்லாரும் போக வேண்டும் என்றால் அவனும்தானே வர வேண்டும்!

வந்து உட்கார்ந்தான், முறைப்படி, பேசாமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"நீ சொன்னதுதாண்டா சரி" என்றேன். "அந்தப் பேரு போகட்டும்."

"அப்ப ஏன்க்கா நின்னே?"

"சொன்னேனே, கால்!"

என் காலைப் பார்த்தான், புதுச் செருப்பைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், மாடியிலிருந்து சின்னவள் ஓடிவரும் அளவுக்கு. மூன்று வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு சிரிப்பில் போய்விட்டது. கடவுளே, நன்றி.

கண்டக்டர் சொன்னதைச் சின்னவளுக்கு முழுக்கச் சொன்னேன். குழந்தைகள்கூடப் பேசவில்லை என்ற இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு தையற்காரம்மா சொன்னதையும் சொன்னேன்.

"நான் வச்ச பேரும் ஒண்ணும் சரியில்லக்கா" என்றான் தம்பி. சரியில்லைதான். நான் வாயை மூடிக்கொண்டேன். அது எங்களுக்குக் கைவந்த கலை.

ஏப்ரல் 7, ஞாயிறு

தம்பியே உட்கார்ந்தபடி புதுப் பலகையின் வாசகத்தைப் படித்தான்.

'ஞாயிறு காலை கதவு திறந்திருக்கும். யாரும் வரலாம். பேச வேண்டியதில்லை.'

அவ்வளவுதான், பேர் எதுவும் இல்லை. பின்வரிசையில் தையற்காரம்மாவுக்குச் சின்னவள் அதைக் கையால் காட்டினாள். ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. நான் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

எழுதிவிட்டோம், இனி கதவைத் திறந்தே வைக்க வேண்டும். தெரு இரைச்சல் முழுக்க உள்ளே. ஒரு நாய் வந்து நடுவில் படுத்துக்கொண்டது, எங்களைவிட அமைதியாக.

மே 17, வெள்ளி

ஆபீஸ் பக்கத்து வீடு வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். மேலே தடதடவென்று ஓட்டம். கேட்டுக்கொண்டே துணி மடிக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஊர் சும்மா இருக்குமா? நாம் வைக்காவிட்டால் அது வைத்துவிடும். முந்தாநாள் சின்னவள் பள்ளிக்கூடத்துச் சேதியோடு வந்தாள்.

"இப்ப 'கதவுக்காரங்க'ன்னு கூப்பிடறாங்க அத்தை."

"கேலியாவா?"

"ஆமா. ஆனா இதுக்கு நான் பதில் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

"திறந்துதான் இருக்கு, வந்து பாருன்னு."

இன்று காலை அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். 'ஊமைச் சபை' என்று கத்திக்கொண்டிருந்த அந்தப் பின்வரிசைதானாம். தையற்காரம்மா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். முதல் கால்மணி நேரம் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார்கள், பிறகு அடங்கிவிட்டார்கள். சின்னவள் அவர்கள் நடுவில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள், தன் இஷ்டத்துக்கு.