ஐந்து மணிக்கு யாரும் பூட்ட வரவில்லை

என் வீட்டு எஜமானிக்கு, மந்திரியாகிவிட்ட உன் பழைய கைதி எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

பயப்படாதே, சிரிக்கும்படி ஒன்று நடந்தது. நேற்று அலுவலகத்தில் மணி ஐந்து அடித்ததும், கோப்பை மூடிவிட்டுக் கதவோரம் போய் விறைப்பாக நின்றுவிட்டேன். சேவகர் பதறிப்போனார்.

"ஐயா, யாருக்காக நிக்கறீங்க?"

"தலையை எண்ணிட்டுப் பூட்ட வருவாங்கல்ல?"

"பூட்டறதா? நீங்க கிளம்பினாத்தாங்க நாங்களே வீட்டுக்குப் போக முடியும்!"

வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் ஜெயிலில் ஒன்பது வருஷம் பழக்கியது போகவில்லை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இங்கே மெத்தை முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தரையில் விரித்துப் படுக்க என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்பு. சட்டையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. தைத்துத் தர ஆள் உண்டு, நான்தான் கொடுக்கவில்லை.

சிறையிலிருந்து எழுதியதையெல்லாம் ஜெயிலர் படித்த பிறகுதான் நீ படித்தாய். அதனால் 'நலம்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். இதை நீ மட்டும்தான் பிரிப்பாய். கார் வந்து நிற்கிறது, சட்டென்று சொல்லிவிடுகிறேன்: போர்வையை யாரிடமும் கொடுத்தனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா.