அக்காவின் பெயர் இல்லாத நோட்டீஸ்

என் ஆசை அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, உன் நாடகத்துக்கு வேறு சொந்தக்காரர் முளைத்துவிட்டார். போன வெள்ளிக்கிழமை, நீ பாடம் நடத்திய பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் உன் ‘மாரி பிரெசான்’ நடந்தது. நோட்டீஸில் ‘எழுதியவர்: தலைமையாசிரியர்’ என்று போட்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு ராஜா வேஷம் கட்டி, புரியாத வசனத்தை ஒப்பிக்க வைத்த ஊர் இது. பிள்ளைகள் பேசுவதையே நாடகமாக்கலாம் என்று இங்கே முதலில் காட்டியவள் நீதானே? பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊரை விட்டுப் போன அந்த வருஷம், பக்கத்துச் சாரம் கிராமத்திலிருந்து ஒரு மில் தொழிலாளியின் மகன் மாரி உன் வகுப்பில் சேர்ந்தான். பெயர் கூப்பிட்டால் எல்லோரும் ‘பிரெசான்’ என்றார்கள். வந்திருக்கிறேன் என்பதற்குப் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அது குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டான். மில் வாசலில் அப்பாவைத் தேடிப் போனவன், யாரென்று கேட்ட காவலாளியிடம், “எம் பேரு மாரி பிரெசான்” என்றானாம். சிரித்துச் சிரித்து ஒரே வாரத்தில் எழுதி முடித்தாய். அவனையே நடிக்கவும் வைத்தாய்.

இப்போது அந்தச் சொல்லையே வெட்டிவிட்டார்கள். ‘பிரெசான்’ போய் ‘உள்ளேன் ஐயா’ வந்துவிட்டது. அதை எந்தப் பிள்ளை குடும்பப் பெயர் என்று நினைக்கும்? கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தான்தான் தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்து, நடித்த பையன் மேடையிலேயே அழுதுவிட்டான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேரே தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன்.

“பிரெஞ்சுக்காரன் பேச்சு இனிமே எதுக்கும்மா? அதான் திருத்துனேன். பேரப் பத்தி ஒங்க அக்காவே எழுதி வச்சிருக்காங்க, பாருங்க” என்று நீ நாடகம் எழுதி வைத்திருந்த நோட்டைக் காட்டினார். முதல் பக்கத்தில் உன் கையெழுத்து: ‘யார் பெயர் போட்டால் என்ன, பிள்ளைகள் பேசினால் போதும்.’

அவர் மேல் வந்த கோபம் அப்படியே உன் மேல் திரும்பியது. இதற்குப் பெயர் பெருந்தன்மையா, அக்கா? சுத்த ஏமாளித்தனம். நீ பெயரை விட்டாய், அவர் சொல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். உன் பெயர் அதில் இருந்திருந்தால், ‘யாரைக் கேட்டு மாத்துனீங்க’ என்று கேட்க எனக்கு வாய் இருந்திருக்கும்.

நோட்டைக் கேட்டேன், தரவில்லை. மாரி இப்போது அதே மில்லுக்கு வேலைக்குப் போகிறான். அவனுக்கு முழு நாடகமும் மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்குச் சாரத்திலேயே போடப்போகிறோம். வாசல் தட்டியில் உன் பெயரைத்தான் பெரிதாக எழுதுவேன். வேண்டாம் என்பாய். நீ இருந்தவரை உன் பேச்சைக் கேட்டது போதும்.

இனி உனக்கு அடங்காத உன் தங்கை,
கமலா