நனையாத பேப்பர்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

கட்டடத்தின் அடித்தளச் சுவரைத் துளைத்து வரும் குழாய்களைச் சுற்றி, தண்ணீர் கசியாமல் அடைப்பதுதான் என் வேலை. இடைவெளியில் ரப்பர் வளையத்தைச் செருகி, அதிலுள்ள போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரு பக்கத்தையே முடுக்கினால் மறுபக்கம் வாயைப் பிளக்கும். முதல் குழாயில் அப்படிச் செய்துதான் முகம் நிறையச் சேற்றுத் தண்ணீர் வாங்கினேன். சிரிக்காதே, அடி ஒன்றும் படவில்லை.

போன வாரம் பேய்மழை. மேஸ்திரி ஒவ்வொரு குழாயின் கீழும் பேப்பர் விரித்து வைத்தார். அதுதான் எங்களுக்குப் பரீட்சை. காலையில் வெளியே குளம்போல் தண்ணீர். அவரோ என் குழாயின் கீழிருந்த பேப்பரை எடுத்து, நின்றபடியே சினிமாச் செய்தி படித்தார்.

"பழைய பேப்பர்தான், ஆனா சொட்டு ஈரம் இல்லையே! இனிமே எல்லாக் குழாயையும் நீயே பாருய்யா."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நம் சமையலறைக் குழாய் சுவரில் நுழையும் ஓரம் கசிகிறது, துணி அடைத்திருக்கிறேன் என்றாயே. யாரையும் சிமென்ட் பூச விடாதே. வரும்போது நானே வளையம் கொண்டுவருகிறேன். உன் தையல் நூலைக் குழாயைச் சுற்றிப் பிடித்து, அளவாக வெட்டி, கடிதத்தில் வைத்து அனுப்பு.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். அளவை போனில் சொன்னால் போதாதா என்று கேட்காதே. எனக்கு அந்த நூல்தான் வேண்டும்.

உன் வீட்டுக்காரன்