இளவெயினரின் தோளும் காரிநங்கையின் விரல்களும்

கூவிள நாடுடையவள், இரு மலைக்கும் இடையே ஓடும் ஆறெல்லாம் ஆள்பவள், பகைவர்க்குப் புறங்காட்டாத குடியிற் பிறந்த அரசி ஆதிரைநங்கை, பேராற்றூர் ஆளும் வேந்தர் இளவெயினர்க்கு எழுதி விடுத்த ஓலை. உமது வயல்கள் விளைக. உமது யானைகள் நோயின்றி நிற்க. உமது கோட்டை விளக்குகள் அணையாதிருக்க. உமது தோள்நோவும் விரைவில் நீங்குக. இக்கடைசி வாழ்த்துப் பலிப்பது உம்மிடமே உள்ளது என்று சொல்லவே இவ்வோலை எழுந்தது.

உமது ஓலை கண்டோம். நீர் வேண்டிக் கேட்டு யாம் அனுப்பிய ஊசிமருத்துவர் காரிநங்கை உமது வலியைத் தீர்க்கவில்லை என்றும், ஆதலால் அவள் வஞ்சகி என்றும், வரும் நிறைநிலா நாளில் ஊசி பிடித்த அவள் விரல்களைத் தீயில் சுடத் தீர்ப்பளித்துச் சிறையில் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர். படித்ததும் எமக்குக் கோபம் வந்தது. மறுமுறை படித்தபோது சிரிப்பும் வந்தது. மருத்துவம் நடந்த விதத்தை நீரே பெருமையாக விவரித்து, பிழை யாருடையது என்பதையும் உமது கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டீர்.

அரசர் மேனியை அயல்நாட்டார் தீண்டலாகாது என்பது உமது அவையின் வழக்கமாம். ஆகவே காரிநங்கை தொலைவில் நின்று கோலால் இடம் காட்ட, உமக்கு உடை உடுத்தும் ஏவலாளன் பட்டுச் சட்டையின் மேலேயே ஊசி குத்தினானாம். வேந்தே, எம் நாட்டு ஊசிமருத்துவர் முதலில் தொடுவது ஊசியை அன்று, நோயாளியை. எங்கே தசை இறுகியிருக்கிறது, எங்கே அழுத்தினால் வலி சுருக்கென்று ஏறுகிறது என்று விரல் நுனியால் தடவிக் கண்ட பின்னரே ஊசியை எடுப்பார். ஒருவர்க்கு வாய்த்த இடம் அடுத்தவர்க்கு அரைவிரல் விலகியிருக்கும். எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவ்விரல்களுக்கே தெரியும். அவற்றை அண்ட விடாமல் ஓர் ஏவலாளனைக் குத்தச் சொன்னதற்குப் பெயர் மருத்துவம் அன்று, தையல்வேலை.

அதுவும் போகட்டும். வேந்தர் படுத்திருப்பதை எவரும் காணலாகாது என்று அரியணையில் நிமிர்ந்தமர்ந்து, வாளை இறுகப் பற்றியபடி ஊசி ஏற்றீராம். வயிறு முட்ட விருந்துண்ட கையோடு, ஒருபுறம் பாணர் பாட, மறுபுறம் அமைச்சர் வழக்குரைக்க, ஊசி தன் வேலையைத் தொடங்குமுன்பே பிடுங்கச் சொன்னீராம். அன்று மாலையே யானையேறி வேட்டைக்குப் போனீராம், வலி கூடிவிட்டதாம். கூடாமல் என்ன செய்யும்?

வலி எப்போது தொடங்கியது என்று அவள் வினவியதற்குச் சென்ற திங்களில் என்று விடையளித்ததாகவும் எழுதியிருக்கிறீர். ஆண்டுகள் பலவற்றுக்கு முன் நடந்த உமது முடிசூட்டு விழாவிலேயே, வலத்தோள் எழாமல் நீர் வாளை இடக்கையால் தூக்கியதை யாம் எம் கண்ணால் கண்டோம். புதிதாய் வந்த வலி சிலமுறை ஊசியிட்டால் அடங்கும். ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் வலிக்கு இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் இட வேண்டும். சிலர் உடல் விரைந்து இணங்கும், சிலர் உடல் அடம்பிடிக்கும். ஊசி எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாம் எங்கும் பறைசாற்றவில்லை. ஆனால் நோயாளியே உண்மையை மறைத்தால் எந்த மருத்துவர்தான் சரியாகக் கணிப்பார்?

யாமும் முடி சூடியவர்தாம். குதிரையினின்று விழுந்து இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, முடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றுக்கட்டிலில் குப்புறப் படுத்தோம். பேசாதிருங்கள் என்றாள் காரிநங்கை, பேசாதிருந்தோம். எம்மை அறிந்தவர்க்குத் தெரியும், அது எத்துணை அரிது என்று. எம் மானம் அதனால் ஓர் இம்மியும் குறையவில்லை. எம் நாட்டில் விளையும் நெல்லையும் மிளகையும்விட இம்மருத்துவர்களின் கைகளையே யாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

சிறையில் அவளைக் கண்ட எம் தூதர், தப்பிக்க வழி செய்வதாகச் சொல்லியும் அவள் மறுத்துவிட்டாளாம். தன் ஊசி தோற்றதென்று பேராற்றூர் பேசிக்கொண்டிருக்கத் தான் ஊர் திரும்பப் போவதில்லை என்றும், வேந்தரின் தோளை ஒருமுறை தொட விட்டால் போதும் என்றும் சொல்லியனுப்பினாள். கேட்டு எமக்குக் கண் கலங்கியது, மார்பும் நிமிர்ந்தது.

ஆகவே யாம் உரைப்பது இது. அவையோரை வெளியே அனுப்புக. பட்டுச் சட்டையைக் களைந்து, வாளை வைத்துவிட்டு, அரைவயிற்றோடு படுத்து, உண்மையைச் சொல்லி, அவள் போதும் என்னும் வரை பொறுத்திருக்க. அதற்கு உமது வழக்கம் இடங்கொடாதெனில், அவளை நலமாய் எம்மிடம் திருப்பி அனுப்புக.

இவ்வோலையை உமக்கு நீட்டி நிற்பவர் எம் படைத்தலைவர் ஏற்றன். வேல் பாய்ந்து, சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவும் மாட்டாது கிடந்தது அவருடைய வலக்கை. அதை எழுப்பிக் கொடுத்தவள் காரிநங்கை. அந்தக் கை இன்று நடுங்குகிறதா என்று நீரே நன்றாகப் பார்த்துக்கொள்ளும். அவள் விரல் ஒன்றில் சூடு பட்டாலும் அதே கை மறுமுறை உமது வாயிலுக்கு வரும்; அப்போது அதில் ஓலை இராது.

இது கூவிள இலை பொறித்த எம் முத்திரையிட்டு, எம் கையெழுத்தும் இட்டு விடுத்தது. நிலா நிறையுமுன் விடை தருக.