உனக்கு நான் சொன்ன விலை

நேற்று மத்தியானம் போசரி தொழிற்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து, பழைய பிரஸ் மெஷின் ஒன்றின் கையேட்டை என் மேசைமேல் வைத்தார். மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து அந்த மெஷினை ஏலத்தில் எடுத்தாராம். பொட்டலத்தைப் பிரித்ததுமே கிரீஸ் வாசனை அறை முழுக்கப் பரவியது. உள்ளே ஜெர்மன் மூலமும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தன. மொழிபெயர்ப்பில் நடுவே பன்னிரண்டு பக்கங்கள் காணவில்லை, அவற்றை மட்டும் செய்து தர வேண்டும் என்றார். இரண்டு தாள் புரட்டியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அடியில் சிவப்புப் பேனாவால் கோடு. ஓரத்தில், அந்தப் பாகத்தை ஆபரேட்டர்கள் மராத்தியில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது. உன் கையெழுத்து.

"ரேட் எவ்வளவு, மேடம்?" என்று இந்தியில் கேட்டார். பக்கத்துக்கு முன்னூற்றைம்பது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேறு இடத்தில் அறுநூறு கேட்டார்களாம். பதினெட்டு வருஷமாக இந்த வேலை செய்கிற நீங்கள் ஏன் இவ்வளவு குறைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகவே விசாரித்தார். நான் ஏதோ மழுப்பி அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு அந்தத் தாள்களை மூடி வைக்க மனம் வரவில்லை. சோறு ஆறிப்போயிற்று.

இதைத் தமிழில் எழுதுகிறேன். தேஹு ரோடு ராணுவ டிப்போ குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த நீ, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். நாலு வரி தாண்டுவதற்குள் "நீயே படிச்சுக் காட்டு" என்று என்னிடம் நீட்டியிருப்பாய். நானும் படிக்க வேண்டிய இடத்தை நைசாகத் தாண்டிப் போயிருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. கல்யாணமாகி கோயம்புத்தூரிலிருந்து வந்து, சிஞ்ச்வடில் ஓர் அறையும் சமையலறையுமாகக் குடியிருந்தேன். என் வீட்டுக்காரர் ஷிப்ட் வேலைக்குப் போன பிறகு பொழுது போகாமல், நகரத்துக்குள் நடந்த மாலை நேர ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். பி.எஸ்ஸி. முடித்தவள் என்ற மிதப்பு வேறு. முதல் நாள் லோக்கல் ரயிலில், மடியில் அதே பாடப் புத்தகத்தோடு வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். நான் தமிழில் ஏதோ முணுமுணுத்ததைக் கேட்டுத் தலை தூக்கினாய். "இன்னா, கோயமுத்தூரா? 'ஏனுங்'னு சொல்லு பாப்போம்" என்றாய். அன்றிலிருந்து என் பெயர் கோயமுத்தூரு. தேஹு ரோட்டில் ஏறுகிற நீ எனக்கு இடம் பிடித்து வைப்பாய். கீரைக் கட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் நான் உட்காருவேன்.

வகுப்பில் மற்றவர்கள் ஜெர்மன் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருவதைப் பார்த்து மிரண்டார்கள். நீ சிரித்தாய். "நம்ம வீட்ல எல்லாரும் இப்டித்தானே பேசறோம். இதுக்குக் காய்க்கு டென்ஷன்?" எதற்கு என்பது உன் வாயில் காய்க்கு ஆகிவிடும். அந்த இரண்டு வருஷத்தில் வகுப்பிலேயே நீயும் நானும்தான் கடைசிப் பரீட்சை வரை தாக்குப்பிடித்தோம்.

பிம்ப்ரியிலும் போசரியிலும் ஜெர்மன் மெஷின்கள் வந்து இறங்கிய காலம். கூடவே வரும் கையேட்டைப் படிக்க ஆளில்லை. எனக்கு முதல் வேலை கிடைத்தபோது விலை கேட்டார்கள். "உங்களுக்குத் தெரியாததா, பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாத வேலைக்கு ஒரு புடவை விலைகூடத் தேறவில்லை. ரயிலில் நீ என்னைக் கிழித்துப்போட்டாய். ஆனால் உன் முறை வந்தபோது நீயும் அதையேதான் சொல்லிவிட்டு வந்தாய். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற பெண்களுக்குத் தங்கள் விலையைத் தாங்களே சொல்ல வாய் வராது என்று இருவருக்கும் அன்றைக்கு விளங்கியது. ஏதோ தன்னையே சந்தையில் நிறுத்திக் கூவுகிற மாதிரி கூச்சம்.

அப்போதுதான் நீ அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தாய். "ஒண்ணு பண்ணலாம். ஒன்னோடத நான் சொல்றேன், என்னோடத நீ சொல்லு." ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த மஞ்சள் போன் பூத்தில் நுழைந்து, மேடத்தின் ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்று ஆரம்பிப்பாய். நான் கண்ணாடிக்கு வெளியே பையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். நான் அறுபது சொல்லச் சொன்னால் நீ எழுபத்தைந்து சொல்வாய். மேடம் அதற்குக் கீழே எடுப்பதில்லை என்று இந்தியில் அடித்துவிடுவாய். வெளியே வந்து, "ஒத்துக்குனாங்க, வா, வடா பாவ் வாங்கிக் குடு" என்பாய். நானும் உனக்காகப் பேசினேன். கூட்டிச் சொன்னதில்லை. நீ சொல்லச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ஐந்தாறு வருஷம் இப்படி ஒருவர் விலையை இன்னொருவர் சொல்லியே பிழைத்தோம்.

வேலையில் நீ என்னைவிட ஒரு படி மேல். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அகராதியைப் பார்ப்பேன், நீ போய் மெஷினைப் பார்ப்பாய். கம்பெனியில் கேட்டு அனுமதி வாங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைவாய். ஆபரேட்டர் பக்கத்தில் நின்று இந்தக் கைப்பிடி எதற்கு, இதை மறந்தால் எந்த விரல் போகும் என்று கேட்பாய். உன் கையேட்டைப் படித்துத்தான் தங்கள் ஆட்கள் மெஷினைத் தொடுகிறார்கள் என்று ஒரு சூப்பர்வைசர் என்னிடமே சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தப் பாராட்டு இனிக்கவில்லை. அதையும் உன்னிடம் சொல்லவில்லை.

பிறகு அந்தப் பெரிய வேலை வந்தது. எட்டு மாதத்துக்கு ஓடக்கூடிய வேலை. அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரி உன்னைத்தான் கேட்டிருந்தார். வழக்கம்போல நான் பேச வேண்டிய முறை. "நூத்தி இருவது சொல்லு. இந்த தபா கம்மி பண்ண வோணாம். பையனுக்கு அட்மிஷன் இருக்கு" என்றாய். பூத்துக்கு வெளியே நீ நின்றாய். நான் கதவைச் சாத்திக்கொண்டு எண்களை அழுத்தினேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேடம் பட்டதாரியா?" நீ பி.ஏ.வைப் பாதியில் விட்டவள். ஷெட்டுக்குள் நீ நிற்பதைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். சும்மா, 'இல்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததாக நூற்றிருபது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "இல்லை சார், எண்பதுக்குச் செய்வார்." அவர் பேரம் பேசவில்லை. சரி என்று வைத்துவிட்டார். வெளியே வந்து உன்னிடம், "எவ்வளவோ பேசிப் பார்த்தேன், மனுஷன் எண்பதுக்கு மேல அசையவே இல்லை" என்றேன். உன் முகம் ஒரு கணம் விழுந்தது. உடனே என் தோளைத் தட்டினாய். "பரவால்ல, நீ இன்னா பண்ணுவே" என்றாய்.

எட்டு மாதம் அந்த விலைக்கு உழைத்தாய். பையன் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. நீ வேலையை ஒப்படைத்த அன்று மாலை ரயிலில் எனக்கு வழக்கம்போல இடம் பிடித்து வைத்திருந்தாய். வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாய். காசர்வாடி ஸ்டேஷன் தாண்டியதும் சொன்னாய்: "இனிமே என் போன நானே பண்ணிக்கிறேன். ஒனக்கு எதுக்கு செரமம். ஒன்னோடத நான் பண்றேன், அத வுடாதே." எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது.

அதன் பிறகு பூத்துக் கதவைத் திறந்து வைத்தபடி நீ உன் விலையைச் சொல்வதை வெளியே நின்று கேட்டிருக்கிறேன். "எய்ட்டி, சார்." ஒவ்வொரு தடவையும் அதே எண்பது. கம்பெனிக்குக் கம்பெனி பேசிக்கொள்வார்கள், ஒருமுறை இறங்கிய விலை ஏறாது. என் விலையை மட்டும் நீ வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டே போனாய்.

பல வருஷம் கழித்து, வயிற்றில் கட்டி என்று வானவடிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்திருந்தார்கள். நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது ஹிஞ்சேவாடியிலிருந்து ஒரு சாப்ட்வேர் கம்பெனி என் மொபைலில் கூப்பிட்டது. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாய். குழாய் செருகிய கை. "மேடம் ஒரு பக்கத்துக்கு முன்னூற்றைம்பது வாங்குவாங்க. அதுக்குக் கம்மின்னா வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று இந்தியில் சொன்னாய். மூச்சு வாங்கியது. அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். போனைத் திருப்பித் தந்து, "பாத்தியா, சொன்னா ஒண்ணும் ஆவல" என்றாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போர்வையைச் சரிசெய்தேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் பர்ச்சேஸ் அதிகாரி வந்திருந்தார். தலை நரைத்துப்போயிருந்தது. உன் படத்துக்கு முன் கைகூப்பிவிட்டு என்னிடம் வந்தார். உன்னைப் போல நேர்த்தியாக வேலை செய்தவரைப் பார்த்ததில்லை என்றார். எதேச்சையாகத்தான் அதையும் சொன்னார். வேலையை ஒப்படைக்க நீ வந்த அன்றே, நூற்றைம்பது வரை கொடுக்கத் தயாராக இருந்தேன், உங்களுக்காகப் போனில் பேசியவர்தான் எடுத்த எடுப்பில் எண்பது என்றுவிட்டார் என்று உன்னிடம் சொன்னாராம். நீ சிரித்தாயாம். அவள் எனக்காகப் பயந்திருப்பாள் என்றாயாம்.

அன்றிலிருந்து எனக்கு அந்த ரயில் ஜன்னல் வந்துகொண்டே இருக்கிறது. தெரிந்துகொண்டுதான் இடம் பிடித்து வைத்திருந்தாய். தெரிந்துகொண்டுதான் அத்தனை வருஷம் பூத்தில் நுழைந்து என் விலையை ஏற்றினாய். ஆஸ்பத்திரியில் போனை வாங்கிய கைக்கும் தெரியும். சமைக்கும்போது, பஸ்ஸில், யாரோ எதற்கோ சிரிக்கும்போது நீ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். கோபமாகப் பார்த்தால்கூடத் தாங்குவேன்.

நான் உனக்காகப் பயப்படவில்லை. பல காலம் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு என் விலை நூறு, அதுவும் நீ வாங்கித் தந்தது. நீ நூற்றிருபது சொல்லச் சொன்னாய். பட்டம் வாங்கியவளைவிட நீ உசத்தி என்று என் வாயாலேயே இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். பூத்துக்குள் அந்த ஒரு நிமிஷத்தில் அது என்னால் ஆகவில்லை. அவர் பட்டத்தைக் கேட்டது எனக்கு ஒரு சாக்கு. உனக்கு நான் மனசுக்குள் வைத்திருந்த விலைதான் அந்த எண்பது.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. நீ கடைசியாகச் சொன்ன முன்னூற்றைம்பதிலேயே நின்றுகொண்டிருக்கிறேன். ஊரே என்னைப் பைத்தியம் என்கிறது. யாராவது விலை கேட்டால், ஏற்றிச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், முன்னூற்றைம்பதுதான் வருகிறது. உனக்கு எண்பது என்று சொன்ன வாய் இது. எனக்கு இது எவ்வளவு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.